ரோபெஸ்பியர்: வீரரா, கொடுங்கோலரா?

குரும்பகரத்திலும் 1954 வரை பறந்தது பிரெஞ்சு மூவண்ணக் கொடி. அக்கொடியை ஈன்ற புரட்சியின் தலைவர் ரோபெஸ்பியரை வீரர் என்பார் சிலர். கொடுங்கோலர் என்பார் பலர். அவர் வாழ்வை நாம் எடைபோடுவோம்.

1758இல் பிறந்த வழக்கறிஞர் அவர். 1791இல் மரண தண்டனையே கூடாதென வாதாடினார். அவர் ஆட்சிக் குழுவில் அமர்ந்தபின், 1793இல் தானியத்துக்கும் பண்டங்களுக்கும் விலை வரம்பு வந்தது. 1794 பிப்ரவரியில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஏழைக்கு வாழ்வளித்த சட்டங்கள்!

அதே ஆண்டு ஜூனிலோ, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞரே கிடையாது என்றது புதுச் சட்டம். ஏழே வாரத்தில் பாரிசில் 1,300க்கு மேற்பட்ட தலைகள் உருண்டன. ஜூலையில் அவர் ஆதரவாளர்களின் நகராட்சி தொழிலாளர் கூலியையும் வெட்டியது. ஐந்தாம் நாள், விசாரணையின்றி அவர் தலையும் வீழ்ந்தது. காக்கத் தொழிலாளர் திரளவில்லை.

தோழர்களே! உரிமை தந்த கரத்தை மதிக்கிறோம். வாயடைத்த கரத்தை மறுக்கிறோம். எதிரிக்கு வாதாடும் உரிமையை மறுப்பவன், ஏழையின் பெயரால் ஆண்டாலும் கொடுங்கோலனே!