திரும்பி வந்த குரல்: கே.பி. சுந்தராம்பாளும் எமது லயன்களும்

1933 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆம் திகதி எஸ்.ஜி. கிட்டப்பா காலமானபோது கே.பி. சுந்தராம்பாளுக்கு வயது 25. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அந்த இருவரது பெயரும் ஒன்றாகவே உச்சரிக்கப்பட்ட காலம் அது. அன்று தொட்டு வெள்ளைச் சேலை உடுத்து, நகைகளைக் கழற்றிவைத்து, கொடுமுடியில் உள்ள வீட்டுக்குள் ஒடுங்கிய அவர், இனி மேடையேறப் போவதில்லை என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1934 இல் அவர் திரும்பி வந்தார். அந்த முதல் இரவுகளில் மேடைக்கு முன் அமர்ந்திருந்தவர்களின் செவிகளில் விழுந்த குரலை இன்று எவராலும் கேட்க முடியாது. அது எங்கும் பதிவு செய்யப்படவில்லை.

எரிக் கிளப்டன் என்னும் ஆங்கில ரொக் கிற்றார் கலைஞர் போதைப்பழக்கத்தால் சில ஆண்டுகள் பெரும்பாலும் ஒதுங்கியிருந்து, 1974 இல் மீண்டும் நீண்டதொரு சுற்றுப்பயணத்தில் இறங்கினார். அக்கச்சேரிகள் பல ஒலிநாடாவில் பதிவாகின. 1996 இல், அந்தப் பத்தாண்டின் மேடைப் பதிவுகளைத் தொகுத்து நான்கு இறுவட்டுகளாக வெளியிட்டார்கள். பிறந்தே இராத தலைமுறை ஒன்று, மீண்டுவந்த கலைஞனின் விரல்கள் எங்கே தயங்கின, எங்கே துணிந்தன என்பதை இன்று வீட்டிலிருந்தே கேட்கின்றது. சுந்தராம்பாளின் மீள்வருகைக்கு இந்தப் பேறு கிட்டவில்லை. அதற்கு எவரையும் குறைகூற இயலாது. 1934 இல் விடியவிடிய நடக்கும் நாடகமொன்றை மேடையிலேயே ஒலிப்பதிவு செய்யும் வசதி தமிழ் அரங்குக்கு இருக்கவில்லை. ஆனால் அந்த வசதி வந்த பிறகு நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி வேறு. அதற்குப் பின்னர் வருவோம்.

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908 இல் பிறந்தவர் அவர். தந்தையை இழந்த குடும்பம். தாய் பாலாம்பாள் கூலிவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். சிறுமி சுந்தராம்பாள் ரயில் பெட்டிகளில் பாடிப் பிச்சை பெற்றதும், அவ்வாறு பாடியபோதே நாடகத் துறையினரின் கவனத்தில் விழுந்ததும் பலரும் அறிந்த செய்தி. வேலு நாயர் நாடகக் குழுவில் சிறுவர் வேடங்களில் தொடங்கி, பதினேழு பதினெட்டு வயதில் அவர் கதாநாயகியாகி விட்டார்.

1926 இல் அவரைக் கொழும்பு வரவேற்றது. தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் இணைத்த 'போட் மெயில்' 1914 முதல் ஓடிக்கொண்டிருந்தது. பதுளைக்கு ரயில் பாதை வந்து சேர்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. கொழும்பில் அவரது நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதவே, செங்கோட்டையிலிருந்து கிட்டப்பாவையும் வரவழைத்து இருவரையும் ஒரே மேடையில் ஏற்ற ஏற்பாட்டாளர்கள் முனைந்தனர். கிட்டப்பாவின் குரலுக்கு ஈடுகொடுக்க முடியாது என்று வேண்டியவர்களே எச்சரித்தும் சுந்தராம்பாள் பின்வாங்கவில்லை. வள்ளி திருமணத்தில் அவர் வள்ளியாகவும் கிட்டப்பா முருகனாகவும் பாடினர். ஒலிவாங்கி இல்லாத மேடை அது. கடைசி வரிசைக்குக் குரல் எட்டவில்லையெனில் நடிகருக்கு அன்றே முடிவு. இருவருக்கும் எட்டியது. தமிழ் அரங்கின் மிகப் புகழ்பெற்ற இணை தமிழகத்தில் அல்ல, இலங்கை மண்ணிலேயே உருவானது என்பதை எம்மவர்கள் பலர் இன்று மறந்துவிட்டனர்.

1927 இல் அவர்கள் மணம்புரிந்தனர். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். அந்த வாழ்க்கை இனித்ததைவிடக் கசந்ததே அதிகம். பிறந்த குழந்தை சில நாட்களில் இறந்தது. பிணக்குகள், பிரிவுகள், கடிதங்கள், கிட்டப்பாவின் குடிப்பழக்கம், நோய் என்று ஆறு ஆண்டுகளில் எல்லாம் முடிந்துபோயிற்று.

இக்காலத்தில் இருவரும் பாடிய இசைத்தட்டுகள் வெளிவந்தன. அவை இன்றும் கிடைக்கின்றன என்பது ஆறுதலே. ஆனால் 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது ஏறக்குறைய மூன்றரை நிமிடம். மேடையில் அரைமணி நேரம் விரிந்த பாட்டை, பதிவுக் கூடத்தின் நான்கு சுவர்களுக்குள், ரசிகர் எவரும் இல்லாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாட வேண்டியிருந்தது. மறுபடியும் பாடு என்று கூட்டம் எழுப்பும் கூச்சல் அதில் இல்லை. ஆர்மோனியக்காரரோடு நடக்கும் போட்டியும் இல்லை. அக்கால நாடக ஆர்மோனியத்தில் கொடிகட்டிப் பறந்தவர்களுள் காதர் பாட்சா ஒருவர் என்பதையும், அந்த மேடைகளின் மெட்டுகளில் ஒரு பகுதி உருது பேசும் பார்ஸி நாடகக் கம்பனிகளின் வழியே வந்தவை என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்ட விரும்புகிறோம். வள்ளியும் முருகனும் பாடிய மேடையை முஸ்லிம் கலைஞர்களை விலக்கிவிட்டு எழுத முற்படுவோர், அதன் இசையில் பாதியைத் தாமே அழித்துவிடுகின்றனர்.

மீண்டும் மேடைக்கு வருவோம். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி உள்ளிட்டோரின் வற்புறுத்தலாலேயே சுந்தராம்பாள் 1934 இல் நாடகத்துக்குத் திரும்பினார். எந்த ஆணுக்கும் இணையாக இனி நடிப்பதில்லை என்பது அவரது உறுதி. ஆகவே அவரே ஆண் வேடம் பூண்டார். அந்த வேடம் நந்தனார்.

இந்தத் தேர்வில்தான் அவரது வாழ்க்கை எமது மலையகத்தைத் தொடுவதாக நாம் கருதுகிறோம். நந்தன் யார்? பண்ணையாரின் நிலத்தில் கட்டுண்டு கிடக்கும் கூலி. தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன். அவன் கேட்பது சிதம்பரம் போய்வர ஒரு நாள் அனுமதி. அதற்காக அவன் கெஞ்சுகிறான், ஆண்டை தட்டிக்கழிக்கிறார். பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகலை அடிவாரத்திலும் தேயிலை பறித்த மக்களுக்கு இது புராணக் கதையாகவா பட்டிருக்கும்? கங்காணியின் கடனைத் தீர்த்ததற்கான 'துண்டு' கையில் இல்லாமல் ஒரு தொழிலாளி இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது என்ற முறை 1921 இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நந்தனார் மேடையேறியபோது, துண்டை நேரில் கண்டவர்கள் எல்லா லயன்களிலும் உயிரோடு இருந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் நந்தன் பிறந்த சமூகங்களிலிருந்தே கடல்கடந்து வந்தவர்கள்.

1935 இல் 'பக்த நந்தனார்' திரைப்படமாக வந்தது. சுந்தராம்பாளுக்கு ஒரு இலட்சம் ரூபா சம்பளம்; அந்நாளில் கேட்டோரை மலைக்கவைத்த தொகை. வேதியராக நடித்தவர் கர்நாடக இசை மேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். படத்தைக் கல்கி கடுமையாகக் கேலி செய்தார். கேலியில் நியாயம் இருக்கலாம். பிராமண வித்துவான் ஒருவர் முன்னிலையில், விதவை ஒருத்தி, ஒடுக்கப்பட்ட ஆணின் வேடத்தில் நின்று உச்சஸ்தாயியில் பாடியதை அந்தக் கேலி எடைபோடவில்லை என்பதே எமது எண்ணம்.

அதே காலத்தில் எமது மலைகளிலும் ஒரு பெண்ணின் குரல் ஒலித்தது. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். 1940 இல் அவை நூலாகின. எழுத்து இருக்கின்றது, குரல் இல்லை. அதே 1940 இல் பதுளைக்கு அருகேயுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நந்தனைப் போல் அவர்கள் கண்ணீரோடு கேட்கவில்லை.

சுந்தராம்பாளின் அரசியல் வாழ்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடினால் கூட்டம் சேரும் என்பதை அக்கட்சி நன்கு அறிந்து பயன்படுத்திக்கொண்டது. 1951 இல் சென்னை சட்டமேலவைக்கு நியமிக்கப்பட்டார். இந்தியத் திரைக் கலைஞர்களுள் சட்டமன்ற அவையில் முதலில் அமர்ந்தவர் அவரே எனப்படுகின்றது. 1940 இல் 'மணிமேகலை'க்குப் பின் திரையில் காணப்படாதிருந்த அவரை, 1953 இல் ஜெமினி எஸ்.எஸ். வாசன் 'ஔவையார்' மூலம் திரும்பக் கொண்டுவந்தார். அதன் பின்னரும் பத்தாண்டு மௌனம். 1964 இல் 'பூம்புகார்', 1965 இல் 'திருவிளையாடல்'. மூன்று முறை விலகி மூன்று முறை மீண்டவர் அவர். ஒவ்வொரு முறையும் குரல் கனத்தே வந்தது.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும், எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரு நாட்டுத் தலைவர்களும் முடிவு செய்தனர். சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில், கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகும் பாலமுருகனைத் திரும்ப அழைத்துப் பாடும் ஔவையாராகச் சுந்தராம்பாள் தோன்றினார். இலங்கை வானொலி அப்பாடல்களை ஊவாவின் லயன் அறைகளுக்குள் கொண்டுவந்தது. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிக் குடும்பங்கள் புறப்பட்ட ரயிலை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தனர்.

எமது வீட்டு அப்பாயியின் இளைய தம்பியும் அந்தக் கோச்சியில் போனவர். வானொலியில் ஔவையாரின் அந்த அழைப்பு தொடங்கினால் அப்பாயி பெட்டியை மூடச் சொல்வார். பக்திப் பாட்டை ஏன் நிறுத்த வேண்டும் என்று சிறுவயதில் நாம் கேட்டதுண்டு. போனவன் திரும்பாத வீட்டில் அதைக் கேட்கக்கூடாது என்பதே அவரது விடை.

1969 இல் 'துணைவன்' படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970 இல் பத்மஸ்ரீயும் பெற்ற சுந்தராம்பாள் 1980 இல் மறைந்தார். வெள்ளை உடையைக் கடைசிவரை அவர் மாற்றவில்லை.

இனி, முன்னர் ஒத்திவைத்த கேள்விக்கு வருவோம். எமது தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வருபவர் பதுளை நகரத்து முஸ்லிம் பெரியவர் ஒருவர். சிறுவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் நானா. அதிகாலையில் சவுக்கு மரத்தில் கட்டிய குழாயிலிருந்து சுந்தராம்பாள் பாடுவார். அதே பெட்டியிலிருந்த நாகூர் ஹனீபாவின் தட்டுகள், பள்ளிவாசல் கந்தூரிக்கு நானா போகும்போது ஒலிக்கும். இரண்டு அடுக்கிலும் எது எங்கே இருக்கின்றது என்பது அவருக்கு இருட்டிலும் தெரியும். 1983 ஜூலை 27 ஆம் திகதி பதுளையில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது எத்தனையோ இசைத்தட்டுகளும் அவற்றோடு கருகின. நானாவின் களஞ்சியத்தில் இருந்தவை தப்பின. அடுத்த திருவிழாவுக்கு அவர் வாடகை வாங்காமல் வந்து கட்டிப் பாடவிட்டார்.

பிற்காலத்தில் அவரிடம் ஒரு கசெற் பதிவுக் கருவியும் இருந்தது. மாசி மாதத்துக் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு என்று தோட்டம் தோட்டமாக அவர் ஒலிபெருக்கி கட்டிய இரவுகளில் சிலவற்றைத் தன் விருப்பத்துக்காகப் பதிந்து வைத்தார். பாடியவர்களுள் பலர் இந்தியா போய்விட்டனர்; பலர் மண்ணுக்குள் போய்விட்டனர். மலையகத்தின் மேடைக் குரல்களுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் எந்தத் திணைக்களமும் செய்யாததை ஒலிபெருக்கி வாடகைக்காரர் ஒருவர் செய்திருக்கிறார். 1934 இற்குச் சாட்டு உண்டு. எமக்கு என்ன சாட்டு?

நானா காலமான பின் அவரது மகன் அந்தச் சப்பாத்துப் பெட்டியை எம்மிடம் காட்டினார். இருபத்தாறு கசெற்றுகள். ஆறில் நாடா ஒட்டிக்கொண்டு சுழல மறுக்கின்றது. நான்கில் மேலே திரைப்பாடல்களைப் பதிந்துவிட்டார்கள். எஞ்சியவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலை இப்போது நடக்கின்றது. காமன் கூத்தின் முதல் கசெற்றில் நெடுநேரம் தகரக் கூரையில் மழை மட்டுமே கேட்கின்றது. பிறகு தப்பு. அதற்கும் முன்னால், ஒலிவாங்கியை விரலால் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நானாவின் குரல்.