மணலிற் கடலைக் கண்டவர்

கற்றறிந்தோர் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் வெற்றிகளையே விரித்துரைப்பர். யான் ஈண்டு எழுதப் புகுந்த பெரியாரோ, தாம் கொண்ட முடிபு பிழையென அறிந்து அதனைக் கைவிட்டமையாலேயே என் உள்ளத்தைக் கவர்ந்தவர். அவர் பிரான்சு தேசத்து அல்சீத் தோர்பிஞி என்பார்.

1802ஆம் ஆண்டு செத்தெம்பர் 6ஆந் திகதி நாந்து நகருக்கு அணித்தான குவேரோன் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தையார் கப்பற்படை வைத்தியர். இயற்கைப் பொருள்களை ஆராய்வதிற் பெருவேட்கை உடையவர். குடும்பம் அத்திலாந்திக் கரையிலுள்ள எஸ்னாந்திற் குடியேறியபின், தந்தையும் மைந்தனும் கரைமணலை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து நோக்கினர். வெறுந் துகள்களெனத் தோன்றியவற்றுட் பல, அறையறையாக அமைந்த அழகிய ஓடுகளாக விளங்கின.

அவ்வோடுகளை வகைப்படுத்தி 1826இல் தோர்பிஞி நூல் வெளியிட்டார். அறைகளை இணைக்குந் துளைகளை நோக்கி, துளைதாங்கிகள் எனப் பொருள்படுமாறு போரமினிபெரா என்று பெயரிட்டார். பிறரும் கண்டறிதற்பொருட்டு 100 உருவங்களைப் பன்மடங்கு பெருப்பித்துச் சாந்தினால் அமைத்தளித்தார். ஆயின், ஓட்டின் வடிவொன்றையே கருதி, அவற்றைக் கணவாயின் குலத்தோடு சேர்த்துவிட்டார்.

அவ்வாண்டே தென்னமெரிக்காவுக்குச் சென்றவர் 1834இலேயே மீண்டார். மறு ஆண்டில் பெலிக்ஸ் துயர்தன் என்னும் அறிஞர், உயிரோடிருந்த துளைதாங்கிகளை ஆராய்ந்து, அவை கணவாய்க் குலத்தன அல்ல, உறுப்பெதுவுமின்றிக் கூழ்போன்ற உடலுடைய எளிய உயிர்கள் என நிறுவினார். இன்று அவற்றைத் தனிக்கல உயிர்கள் என்கின்றோம். இளமைதொட்டு வளர்த்த கொள்கை இடிந்தது. தோர்பிஞி அதனைப் பற்றிக்கொண்டு வாதாடி நின்றாரல்லர். 1839இல் வெளிவந்த நூலில் அவற்றைத் தனி வகுப்பாகவே கொண்டார்.

பின்னரே அவரது பணி விரிந்தது. பாரிஸ் பகுதியின் வெண்சுண்ணப் பாறையிலுள்ள உயிர்ச்சுவடுகளை 1840இலும், வியன்னாப் பகுதியிலுள்ளவற்றை 1846இலும் விவரித்தார். அவர் வகுத்த நெறியிற் பின்வந்தோர் பழங்கடலின் இயல்பையே அறியலாயினர். துளைதாங்கிகளுள் ஆழமற்ற வெந்நாட்டுக் கடலில் வாழ்வன சில. ஆழ்கடல் அடித்தரையில் வாழ்வன சில. நீரில் மிதப்பன சில. சுண்ணக்கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து, உள்ளிருக்கும் ஓடுகளின் இனத்தை அறியின், அக்கல் படிந்த காலத்துக் கடல் எத்தகையது என்பது புலனாகும். பாரிஸ் மாளிகைகள் பலவற்றைக் கட்டிய கல்லில் மிலியோலிட் என்னும் இனத்தின் ஓடுகள் செறிந்துள்ளன. ஏறத்தாழ 4½ கோடி ஆண்டுகளின் முன் ஆழமற்ற கடலொன்று அங்கே பரந்திருந்தமைக்கு அவை சான்று. நம் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும் இத்தகைய உயிர்ச்சுவடுகளைத் தாங்கிய மயோசீன் காலக் கடற்படிவே.

தோர்பிஞி முற்றும் பிழையற்றவர் என்று கூறேன். உலகத்து உயிரெல்லாம் பன்முறை அழிந்து மீளப் படைக்கப்பட்டன என்ற கொள்கையை அவர் விட்டாரல்லர். எனினும் 1853இல் பாரிஸ் அரும்பொருட்சாலையில் உயிர்ச்சுவட்டியற் பேராசிரியர் பதவி முதன்முதல் அவருக்கே அளிக்கப்பட்டது. 1857 யூன் 30இல், 54ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் இட்ட பெயர் இன்றும் நிலவுகின்றது.

பல்லாண்டுகளின் முன் வகுப்பிலே ஒரு சொல்லுக்கு யான் பொருள் பிழைபடக் கூறினேன். பின்வாங்கிலிருந்த மாணவன் எழுந்து திருத்தினான். அவனை அதட்டி இருத்தினேன். வீடு சென்று அகராதியைப் புரட்டியபோது அவன் கூற்றே சரியெனக் கண்டும் வாய்திறந்தேனல்லேன். தோர்பிஞியின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அம்மாணவன் முகமே என் கண்முன் நிற்கின்றது.