றோசாவை மறவாத கோதுமை அறிஞர்



எமது துறைமுகத்தினுள் கோதுமை ஏற்றிய கப்பல் நுழைவதை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். 1980ஆம் ஆண்டு முதல் சீனன்குடாவில் இயங்கிவரும் மாவாலைக்கு வருகிற கப்பல் அது. காலையில் நாம் வாங்கும் பாணும், திருப்பலியில் குருவானவர் கையில் ஏந்தும் அப்பமும் கோதுமையினால் ஆனவையே. கோதுமை விளையாத ஊரில் இருந்துகொண்டு அதை இவ்வளவு நம்பி வாழ்கிறோம் நாம்.

இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்டது ஒரு கோதுமை அறிஞரின் வாழ்க்கை. ஆயினும் கோதுமையைவிட றோசாவைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன். ஏனெனில் அவர் சிறுவனாயிருந்தபோது றோசாவின்மேல் கொண்ட பிரியம், எண்பத்துமூன்று வயதில் கண்மூடும் வரைக்கும் அவரை விட்டு அகலவில்லை. அவர் பெயர் கலாநிதி பெஞ்சமின் பியரி பால். பெயரைக் கேட்டவுடன் நம்மவர் என்று எண்ணிவிடாதீர்கள். யாக்கோபின் கடைசிப் பிள்ளையின் பெயர் அவருக்கு வாய்த்திருந்ததேயன்றி, அவர் நமது திருச்சபையைச் சேர்ந்தவரல்லர்.

1906ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி பஞ்சாபில் முக்கந்தபூர் என்னும் ஊரில் பால் பிறந்தார். தகப்பனார் வைத்தியர். அரசாங்க சேவையில் அவர் பர்மாவுக்குச் சென்றமையால் பிள்ளையின் இளமையும் அங்கேயே கழிந்தது. இன்று மியன்மார் என வழங்கும் அந்நாட்டில், மண்டலே நகருக்கு அப்பால் மலைமேல் இருக்கும் ஊர் மேமியோ. இன்றைய பெயர் பியின் ஊ லுவின். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரம். வெயிற்காலத்தைக் கழிக்க ஆங்கிலேயர் ஏறிச்சென்ற குளிர்ந்த இடம். நமக்கு நுவரெலியா எப்படியோ, பர்மாவுக்கு மேமியோ அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே புனித மிக்கேலின் பெயர் தாங்கிய பாடசாலையில் பால் படித்தார். றோசாவும் சித்திரமும் அவரைப் பிடித்துக்கொண்டது அந்நாளிலேதான்.

மலைக்குளிரில் றோசா தானாகவே மலரும். பிள்ளை செய்யவேண்டியதெல்லாம் தண்ணீர் ஊற்றுவதும், முள் குத்தாமல் கொய்வதும், இதழின் நிறத்தைப் பார்த்துக் கடதாசியில் தீட்டுவதுந்தான். இவ்விதம் ஆரம்பமாகும் பிரியங்கள் நம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு. பாடசாலை முடிந்து தொழிலென்று வந்ததும் அவை உதிர்ந்துபோவதையும் நாம் கண்டிருக்கிறோம். பாலுக்கு ஏன் உதிரவில்லை என்பதுதான் இக்கதை.

இரங்கூன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்த பின் அவர் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். அங்கே பிஃபன் என்னும் பேராசிரியர் கோதுமை ஆராய்ச்சியில் பேர்பெற்றிருந்தார். துரு நோயை எதிர்க்கும் குணம் தாய்ப்பயிரிலிருந்து சந்ததிக்கு ஒழுங்கான விதிப்படியே இறங்குகிறது என்று 1905ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் அவர். அந்த விதி யாருடையது தெரியுமா? நமது திருச்சபையின் துறவி ஒருவருடையது. அகுஸ்தீனார் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல் அடிகளார், தமது மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் எட்டாண்டுகள் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கணக்கிட்டு, 1866இல் வெளியிட்ட முடிவு அது. அவர் வாழ்ந்த காலத்தில் அதைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. 1900இல் உலகம் அதை மீளக் கண்டெடுத்தது. ஒரு துறவியின் பட்டாணிப் பாத்தியிலிருந்து கேம்பிரிட்ஜின் கோதுமைக்கும், அங்கிருந்து பாலின் றோசாவுக்கும் நேரான வழி ஒன்று இருக்கிறது.

1933இல் பால் கலாநிதிப் பட்டம் பெற்றார். சிறிது காலம் பர்மாவின் நெல் ஆராய்ச்சியில் இருந்துவிட்டு, அதே ஆண்டில் பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரின் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கோதுமைப் பணிக்கு வந்தார். வந்து சில மாதங்களுக்குள், 1934 ஜனவரி 15ஆம் திகதி, பெரும் பூமியதிர்ச்சி பீகாரை உலுக்கிற்று. நிலையத்தின் கட்டடம் பாழாயிற்று. 1936இல் நிலையம் முழுவதும் டில்லிக்கு இடம் மாறியது. பாலும் அங்கே சென்றார். பின்பு 1950 முதல் 1965 வரை அந்நிலையத்தின் பணிப்பாளராகவும், 1965 முதல் 1972 வரை இந்திய வேளாண் ஆராய்ச்சிப் பேரவையின் முதலாவது தலைமைப் பணிப்பாளராகவும் இருந்தார். அவருக்குப்பின் அப்பதவிக்கு வந்தவர் நம் தமிழகத்துக் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். பதவிகளின் வரலாறு இவ்வளவு போதும்.

மேமியோவில் றோசா வளர்த்த பிள்ளைக்கு டில்லி எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வைகாசி ஆனியில் அங்கே நாற்பது பாகைக்கு மேல் வெயில் கொளுத்தும். ஐரோப்பாவில் உண்டாக்கிய புகழ்பெற்ற றோசா இனங்கள் பல அந்த வெயிலைத் தாங்கமாட்டா. நட்ட முதல் ஆண்டு பூக்கும், அடுத்த ஆண்டு மெலியும், பிறகு விறகாகும்.

இதை நான் விளக்கவேண்டியதில்லை. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய்த் திரும்பும்போது, சாடியில் ஒரு றோசாக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவர்கள் நம்மிடையே உண்டு. உவர்மலையிலோ பாலையூற்றிலோ வளவில் நட்டிருப்பார்கள். கச்சான் காற்று எழுந்ததும் இலை கருகும். கடற்கரை ஓரமென்றால் மணலும் உப்புக் காற்றும் வேறு. மாரி வந்தால் இலையில் கரும்புள்ளி விழும். மூன்று மாதம் பார்த்துவிட்டு, திருகோணமலைக்கு றோசா சரிவராது என்று கைவிடுவோம். பிறகு கோயில் பீடத்துக்குப் பிளாஸ்ரிக் பூ வாங்குவோம். (இதைப்பற்றிப் பங்குச் சபைகள் ஒருநாள் ஆறுதலாக யோசிக்க வேண்டும். தூசி படிந்த பிளாஸ்ரிக் றோசாவைவிட ஒரு கொத்துச் செவ்வரத்தை மாதாவுக்கு அழகு.)

பால் கைவிடவில்லை. மேமியோ றோசாவை டில்லியில் உயிரோடு வைத்திருக்கப் போராடியும் காலத்தைக் கழிக்கவில்லை. டில்லிக்கென்றே றோசாவை உண்டாக்கத் தொடங்கினார். அவருடைய பிரியம் நிலைத்ததன் இரகசியம் இதுவென்றே எனக்குப்படுகிறது.

அது எப்படிச் செய்யும் வேலை என்று சொல்கிறேன், கேளுங்கள். மலராத மொட்டொன்றைத் தெரிந்து, இதழ்களை நீக்கி, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை ஒன்றுவிடாமல் சிறு இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். வேறு மகரந்தம் படாதபடி கடதாசி உறையால் மூடவேண்டும். பின்பு விரும்பிய மற்றோர் இனத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டுவைக்க வேண்டும். காய் முற்றச் சில மாதங்கள். விதை முளைக்க இன்னும் சில வாரங்கள். முளைத்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது உதவாது, பிடுங்கி எறிய வேண்டியதுதான். தப்பிய ஒன்றிரண்டின் அரும்பை எடுத்து, காட்டு றோசாவின் தண்டில் பட்டையைக் கீறிச் செருகிக் கட்டி, பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் வைத்துப் பார்த்த பின்பே ஒரு புதிய இனம் என்று பெயர் வைக்கலாம்.

கோதுமையிலும் இதே வேலைதான். கோதுமைப் பூ ஒவ்வொன்றிலும் மூன்றே மூன்று மகரந்தப் பைகள். றோசாவிலோ எண்ணி மாளாது. காலையில் வயலில் பழகிய கை மாலையில் தோட்டத்தில் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை.

வயலில் அவர் எதிர்த்து நின்றது துரு நோயை. கருந்துரு, பழுப்புத்துரு, மஞ்சள்துரு என்று அதில் மூன்று வகை. 1946-47இல் கருந்துரு மத்திய இந்தியாவின் கோதுமையைப் பாழ்படுத்தியது. ஒரு துருவைத் தாங்கும் பயிர் மற்றதுக்கு இரையாகும். மூன்றையும் தாங்கும் இனம் வேண்டுமென்று பாலும் அவருடைய கூட்டாளிகளும் பல ஆண்டுகள் உழைத்து, 1950களில் என்.பி. 809 என்ற இனத்தைத் தந்தார்கள்.

றோசாவிலும் அவர் ஏறத்தாழ நூறு இனங்களைத் தந்தார். 1962இல் றோஸ் சர்பத் வந்தது, பெயருக்கேற்ற வாசனை. அடுத்த ஆண்டு கொத்துக் கொத்தாகப் பூக்கும் டெல்லி பிரின்சஸ். 1966இல் விமான விபத்தில் இறந்த அணு விஞ்ஞானி ஹோமி பாபாவின் பெயரை 1968இல் ஒரு வெள்ளை றோசாவுக்குச் சூட்டினார். நாடோடிப் பெண் என்று பொருள்படும் பஞ்சாரன் 1969இல் வந்தது. அக்காலத்தில் இந்தியாவில் றோசாவுக்கு நண்பர்கள் பலர் இருந்தார்கள். நேருவின் சட்டையில் இருந்த றோசா உங்களுக்குத் தெரியும். 1967இல் குடியரசுத் தலைவரான சாகிர் உசேனும் றோசாப் பிரியரே. சண்டிகாரில் பெரியதோர் றோசாத் தோட்டம் அவர் பெயரால் விளங்குகிறது.

இவ்விடத்தில் உங்கள் மனத்தில் ஒரு கேள்வி எழும்பக்கூடும். எழும்பத்தான் வேண்டும். 1965இலும் 1966இலும் இந்தியாவில் மழை பொய்த்தது. பால் தம் தொழிலைத் தொடங்கிய அதே பீகாரில் பஞ்சம் தலைவிரித்தாடியது. அமெரிக்காவிலிருந்து கோதுமைக் கப்பல் வந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலை. அந்த 1966ஆம் ஆண்டிலேதான் இந்தியாவில் றோசா என்னும் பாலின் ஆங்கில நூல் வெளிவந்தது. பசித்த நாட்டின் வேளாண்மைத் தலைவர் பூவைப் பற்றிப் புத்தகம் எழுதலாமா?

பெத்தானியாவில் விலையுயர்ந்த தைலம் ஊற்றப்பட்டபோதும் இப்படியொரு கேள்வி எழுந்தது. அதைக் கேட்டவன் யாரென்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் கேட்டவனைக் காட்டிக் கேள்வியைத் தள்ளிவிடுவது நியாயமல்ல. ஏழையின் வயிற்றை மறந்த தோட்டம் இருக்கத்தான் செய்கிறது. பாலின் கணக்கை மட்டும் பார்ப்போம். அதே 1966இல், அவர் தலைமைப் பணிப்பாளராக இருக்கையில், 18,000 தொன் குட்டைக் கோதுமை விதை மெக்சிக்கோவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிற்று. 1964-65இல் சுமார் 120 இலட்சம் தொன்னாக இருந்த இந்தியாவின் கோதுமை விளைச்சல் 1968இல் 165 இலட்சத்துக்கு உயர்ந்தது. இது அவர் ஒருவரின் செயலன்று. சுவாமிநாதனும் அமெரிக்கரான போர்லாக்கும், பெயர் தெரியாத பல்லாயிரம் விவசாயிகளும் செய்தது. ஆயினும் விதையை ஏற்கவும் சோதிக்கவும் பரப்பவும் வல்ல நிலையங்களைப் பல்லாண்டு பாடுபட்டு வளர்த்தவர்களில் பால் முதன்மையானவர். றோசா அவருடைய வேலை நேரத்தைத் தின்னவில்லை. வேலைக்குப் பின் மிஞ்சிய பொழுதைத்தான் அது கேட்டது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மென்மையான, அதிகம் பேசாத மனிதர். சித்திரம் தீட்டுவதையும் அவர் விடவில்லை. இங்கிலாந்தின் ரோயல் சொசைற்றி 1972இல் அவரை அங்கத்தவராக்கியது. 1987இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது.

நமக்கும் மேமியோவுக்கும் ஒரு தொடர்பு உண்டென்பதை முதியவர்களிடம் கேட்டிருப்பீர்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின்மேல் குண்டு வீசின. அதே ஆண்டிலே பர்மா முழுவதும் அவர்கள் கையில் விழுந்தது, மேமியோவும் விழுந்தது. பர்மா அரிசி நமக்கு வருவது நின்றது. பங்கீட்டில் கோதுமை மா இடம்பிடித்தது. நம் பாட்டிமார் பாணுக்குப் பழகியது அந்தக் காலத்தில்தான். பால் வளர்ந்த மலையூர் போரில் சிக்கியிருந்த அந்த ஆண்டுகளில், அவர் டில்லியில் கோதுமைக் கதிர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

வாசகரே, உங்கள் வளவில் றோசா வைக்கும் எண்ணம் இன்னும் இருந்தால், குளிர்நாட்டுக் கன்றைத் தேடாதீர்கள். நம் ஊரிலேயே யாருடைய முற்றத்திலாவது பல ஆண்டுகளாகப் பூத்துக்கொண்டிருக்கும் நாட்டு றோசா இருக்கும். அதில் பென்சில் பருமனுள்ள தடியொன்றை மாரியின் ஆரம்பத்தில் கேட்டு வாங்கி நடுங்கள். காலை வெயில் படவேண்டும், கச்சான் நேரே அடிக்காமல் ஒரு மதிலோ வேலியோ மறைக்கவேண்டும். மாட்டெருவும் மக்கிய இலையும் மணலுக்குப் போதிய பசளை. தண்ணீரை அடியில் ஊற்றுங்கள், இலையில் அல்ல.

டில்லியில் றோசாவைக் கத்தரிக்கும் காலம் ஒக்டோபர் நடுப்பகுதி. நமக்கு அது செபமாலை மாதம். இலத்தீனில் செபமாலைக்கு வழங்கும் பெயரே றோசாத் தோட்டம் என்று பொருள்படுவது. ஒக்டோபரில் கத்தரித்தால் மார்கழியில் முதற்பூ வரும். பால் தம் றோசாச் சேகரிப்பைத் தாம் பணியாற்றிய ஆராய்ச்சி நிலையத்துக்கே கொடுத்திருந்தார். 1989 செப்டெம்பர் 14ஆம் திகதி அவர் இறந்தார். கத்தரிக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.