லென்ஸா, வெளிச்சமா? எண்ணூருக்கு நிலாவை வரவழைத்த மார்க்கஸ் பார்ட்லி!

ஆரம்பாக்கம் பக்கம் பழவேற்காடு ஏரிக்கரையில், படகு ஓரமா கல்யாண ஜோடியை நிற்க வெச்சு வீடியோ எடுக்கிற தம்பிகளைப் பார்த்திருப்பீங்க. அவங்களோட பெரிய கவலை ஒண்ணுதான். டிஜிட்டல்ல எடுத்தா சினிமா மாதிரி வரலை, வீடியோ மாதிரியே இருக்கு! தீர்வுன்னு நினைச்சு, கேமரா விலையைவிட அதிகமா லென்ஸுக்குக் கடன் வாங்குறவங்களும் உண்டு. கடன் பத்திரத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, மார்க்கஸ் பார்ட்லியோட கதையை ஒரு தடவை கேட்டுடுங்க.

1917-ல் ஏற்காட்டில் ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர் பார்ட்லி. பத்திரிகைப் புகைப்படக்காரராக வேலையைத் தொடங்கி, செய்திப் படங்களுக்குக் கேமரா பிடித்து, பிறகு சென்னை சினிமாவுக்கு வந்தார். செய்திப் படம் எடுக்கிறவருக்கு வெளிச்சத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இருக்கிற வெயிலைப் படிக்கத்தான் முடியும். 1945-ல் பி.என்.ரெட்டியின் ‘சுவர்க்க சீமா’, 1951-ல் ‘பாதாள பைரவி’, 1955-ல் ‘மிஸ்ஸியம்மா’ எனப் படத்துக்குப் படம் அவர் பெயர் வளர்ந்தது.

1957-ல் வந்தது ‘மாயா பஜார்’. அபிமன்யுவும் வத்சலாவும் நிலவொளியில் படகில் போகும் பாட்டு ஞாபகம் இருக்கா? அதுக்கான வெளிப்புறக் காட்சிகள் எண்ணூரில் எடுக்கப்பட்டன. பழவேற்காடு ஏரியிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியே தெற்கே வந்தால் வரும் அதே எண்ணூர்தான். இன்னிக்கு அங்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்தான் கண்ணில் படும்.

ஆச்சர்யம் என்னன்னா, வெளியில் எடுத்தது பாட்டில் பத்துப் பதினைந்து விநாடிகளுக்குத்தான் வரும். மீதி நிலவு மொத்தமும் ஸ்டூடியோவுக்குள் விளக்குகளை வைத்து பார்ட்லி உருவாக்கியது. முகத்தில் எவ்வளவு வெளிச்சம், தண்ணீரில் எவ்வளவு மினுமினுப்பு, எந்த இடம் இருட்டாகவே இருக்கணும்னு அளந்து அளந்து செய்த வேலை. தெலுங்கு சினிமா ரசிகர்கள் அழகான நிலவொளிக்கு இன்னிக்கும் அவர் பெயரைத்தான் சொல்றாங்க.

கலர் வந்தபோதும் அவர் தடுமாறலை. 1965-ல் ராமு காரியட்டின் ‘செம்மீன்’ படத்துக்காக, யு.ராஜகோபாலுடன் சேர்ந்து கேரள மீனவர்களின் கடலையும் மணலையும் வண்ணத்தில் பிடித்தார். அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஜனாதிபதி தங்கப் பதக்கம் அதற்குத்தான். 1969-ல் வெளியான நம்ம ‘சாந்தி நிலையம்’ அவருக்குத் தேசிய விருதையே வாங்கித் தந்தது. 1993-ல் அவர் மறைந்தார்.

அப்போ லென்ஸுக்கு மதிப்பே இல்லையா? நிச்சயமா இருக்கு. பின்னணியை மங்கலாக்கி முகத்தைத் தனியா காட்டுறது, டிஜிட்டலின் அதீதக் கூர்மையைக் கொஞ்சம் மிருதுவாக்குறது, இருட்டில் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடுறது எல்லாம் நல்ல லென்ஸின் வேலைதான். ஆனா, உச்சி வெயிலில் மணலில் நிற்க வெச்சா, எந்த லென்ஸ் போட்டாலும் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். ஃபிலிம் அதிக வெளிச்சத்தை மெல்ல மெல்லத்தான் வெளுக்க விடும். டிஜிட்டலோ ஓர் எல்லையைத் தாண்டினால் சட்டுனு வெள்ளையாக்கிடும். வானம் ஒருதடவை வெளுத்துட்டா, எடிட்டிங்கில் திரும்பக் கொண்டுவர முடியாது.

2010-ல் தெலுங்கு ‘மாயா பஜார்’ டிஜிட்டலில் வண்ணமாக்கப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்தது. கம்ப்யூட்டர் கலரைத்தான் சேர்த்தது. ஒளியும் நிழலும் பார்ட்லி 1957-லேயே போட்டு வெச்சது!

அதனால தம்பிகளா, லென்ஸை முதல்ல வாடகைக்கு எடுங்க. அதுக்கும் முன்னாடி, சும்மா கையை வீசிக்கிட்டு ஒரு நாள் விடிகாலையில் ஏரிக்கரைக்குப் போங்க. படகு மேல வெளிச்சம் எங்கிருந்து வருது, எத்தனை நிமிஷம் நிற்குதுன்னு பாருங்க. அதுக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை!