கண்ணுக்குப் புலப்படாப் பகை

1846ஆம் ஆண்டு, ஈதர் என்னும் மயக்க மருந்து அறுவை மருத்துவத்திலிருந்து வலியை அகற்றியது. ஆனால், இறப்பை அகற்றவில்லை. அறுவை செம்மையாக முடிந்த பின்னரும் சில நாள்களில் புண் சீழ்ப்பிடித்து, காய்ச்சல் கண்டு, நோயாளி மடிவது வழக்கமாக இருந்தது. கெட்ட காற்றே இதற்குக் காரணம் எனப் பலர் நம்பினர். கையையும் கருவியையும் தூய்மை செய்யாமலே அடுத்த நோயாளியைத் தொட்டனர். அந்நிலையை மாற்றியவர் ஜோசப் லிஸ்டர்.

லிஸ்டர் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள அப்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மது வணிகர். நுண்ணோக்கியின் வில்லைகளைச் செம்மைப்படுத்தி அறிஞர்களின் மதிப்பைப் பெற்றவர். நுண்ணியவற்றை ஆராயும் ஆர்வம் மகனுக்கும் வாய்த்தது. இலண்டனில் மருத்துவம் பயின்ற லிஸ்டர், 1860இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். அங்கு 1864, 1866 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கை, கால் நீக்க அறுவைக்கு உட்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர். கைத்திறன் மட்டும் உயிர்காக்கப் போதாது என்பதை அவர் உணர்ந்தார்.

வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன், பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டரின் ஆய்வுகளை அவருக்கு அறிமுகப்படுத்தினார். பொருள்கள் அழுகுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பது பாஸ்டரின் முடிவு. அவ்வாறாயின், புண் அழுகுவதற்கும் அவையே காரணமாகலாம் என லிஸ்டர் எண்ணினார். வெப்பத்தால் நுண்ணுயிரை அழிக்கலாம். ஆனால், மனித உடலைக் கொதிக்க வைக்க இயலுமா? எனவே வேதிப்பொருள் ஒன்றைத் தேடினார். கார்லைல் நகரில் கழிவுநீரின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்பட்ட செய்தி அவருக்கு வழிகாட்டியது.

1865ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் மருத்துவமனைக்கு வந்தான். எலும்பு முறிந்த இடத்தில் தோலும் கிழிந்திருந்தது. இத்தகைய காயம் சீழ்ப்பிடித்தால், உயிர்காக்கக் காலையே வெட்டி நீக்குவர். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் புண்ணை மூடினார். நான்கு நாள்களுக்குப் பின் கட்டைப் பிரித்தபோது, புண்ணில் சீழ் இல்லை. ஆறு வாரங்களில் எலும்பு கூடியது, சிறுவன் நலம்பெற்றான்.

1867இல் தம் முறையை மருத்துவ இதழ்களில் வெளியிட்டார். புலப்படாத உயிர்களா கொல்கின்றன எனப் பலர் எள்ளினர். லிஸ்டர் சொற்போரில் இறங்கவில்லை. எண்களே அவர்களுக்கு விடையளித்தன. 1867 முதல் 1869 வரை அதே வகை அறுவைக்கு உட்பட்ட 40 பேரில் இறந்தோர் அறுவர் மட்டுமே.

காற்றிலுள்ள நுண்ணுயிர்களை அழிக்க அறுவைக்கூடத்தில் கார்பாலிக் அமிலத்தைத் தெளிக்கும் கருவியையும் அவர் புகுத்தினார். காற்றைவிடக் கைகளும் கருவிகளுமே நோயைப் பெரிதும் பரப்புகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1890இல் அக்கருவியைத் தாமே வெளிப்படையாகக் கைவிட்டார். தம் கண்டுபிடிப்பைவிட உண்மையைப் பெரிதாக மதித்த பண்பு அது.

1912ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் லிஸ்டர் மறைந்தார். நீராவியால் தூய்மை செய்யப்பட்ட கருவிகளும் கையுறைகளும் இன்று அறுவைக்கூடங்களில் இன்றியமையாதன. அவற்றுக்கெல்லாம் அடிப்படை, புண்ணுக்குள் நுண்ணுயிர் புகாமல் காக்க வேண்டும் என்னும் அவரது சிந்தனையே.