சோழமண்டலம் கண்ட ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்

நிலத்தடியில் புதைந்து கிடந்த பழுப்பு நிலக்கரியை வெளிக்கொணர்ந்து, எண்ணற்ற இல்லங்களில் ஒளியேற்றிய ஊர் நம் நெய்வேலி. இங்கு அகழ்வுப் பணி தொடங்கிய அதே 1957ஆம் ஆண்டில், சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராகப் பொறுப்பேற்றார் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். விடுதலை பெற்ற நாடு புதுவாழ்வு தேடிய அக்காலத்தில், நம் மண்ணுக்குரிய ஓவிய மொழியை அகழ்ந்தெடுத்தவர் அவர் எனலாம்.

1911ஆம் ஆண்டு கோவையில் பிறந்த பணிக்கர், இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தைக் காக்கும் பொருட்டுத் தந்தித் துறையில் பணியாற்றினார். ஆயினும் ஓவிய வேட்கை தணியவில்லை. 1936இல், தம் 25ஆம் வயதில், சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மெரினாக் கடற்கரையின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரியே அங்கு அவருடைய ஆசான். பயின்ற பள்ளியிலேயே ஆசிரியராகி, 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தையும் நிறுவினார்.

1954இல் இலண்டனிலும் பாரிசிலும் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. மேலை நாட்டு நவீன ஓவியத்தின் ஆற்றலை அவர் உணர்ந்திருந்தார். எனினும் அதன் நிழலாக நிற்க உடன்படவில்லை. 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையைத் தீட்டலானார். சாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், எழுத்தை ஒத்த வரிகள் ஆகியன அவற்றில் இடம்பெற்றன. நம் வீட்டு ஏடுகளில் நாம் கண்டும் காணாதிருந்தவை, அவர் கையில் நவீன ஓவியமாயின.

இவை யாவற்றினும் அவரை வாட்டிய கவலை ஒன்றுண்டு. பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கைவிடுகின்றனரே என்பதே அது. அதற்கு அவர் கண்ட வழி எளியது. கலைஞர்கள் ஒன்றுகூடிப் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. கைத்தொழில் உணவளித்தது, ஓவியம் விலைபோக வேண்டிய நெருக்கடியினின்று விடுபட்டது. புரவலரை நாடாமல், தம் உழைப்பால் கலைஞர் எழுப்பிய ஊர் அது.

1977 சனவரியில் பணிக்கர் மறைந்தார். அவ்வூர் இன்றும் நிற்கிறது.

மாணவ நண்பர்களே! பிழைப்பா, விருப்பமா என்னும் வினா உங்கள் முன்னும் நிற்கும். பிள்ளைகளின் விருப்பத்தை எண்ணிக் கலங்கும் பெரியோர்க்கும் இவ்வாழ்வு விடை பகர்கிறது. ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்க வேண்டுவதில்லை. உழைப்பும் ஒற்றுமையும் இருப்பின் இரண்டும் கைகூடும் என்பதே நாம் பெறும் பாடம்.