வீடற்ற பிள்ளைகளுக்கு வீடமைத்த துறவி: சுவாமி சகஜானந்தர்

உத்திரமேரூர் என்றதும் கற்றோர் நினைவுக்கு வருவது குடவோலை முறை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் நின்று நம் ஊரின் பழம்பெருமையைப் பறைசாற்றுகின்றன. வாரியங்களில் உறுப்பினராக வருவதற்குரிய தகுதிகளை அவை விரிவாக வகுத்துரைக்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். வயது வரம்பு உண்டு. வேதக் கல்வி வேண்டும். இவற்றோடு மற்றொரு தகுதியும் சொல்லப்பட்டிருக்கிறது. தன் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவனாக இருத்தல் வேண்டும் என்பது அது. குடவோலையைப் புகழ்ந்து எழுதுவோர் பலரும் இதனை ஒரு வரியில் கடந்து விடுவர். நம்மவர் கண் மட்டும் அங்கே சற்று நிற்கும். சொந்த மனை இல்லாதவன் பெயர் அந்த ஓலையில் ஏறுவதில்லை, குடத்திலும் விழுவதில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 1891 ஆம் ஆண்டில் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்ட ஆட்சிப் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கில அதிகாரி, இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். உத்திரமேரூர்ப் பகுதியும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. சேரியில் குடிசை போட்டிருப்பவன் அந்தக் குடிசை நிற்கும் மண்ணுக்கு உரியவனல்லன். அம்மண்ணும் தமதே என்று மிராசுதாரர் உரிமை கொண்டாடினர். கூலி போதவில்லை என்று வாய் திறந்தவன் கூலியை மட்டுமன்றிக் கூரையையும் இழக்க நேரிட்டது. குடியிருப்பு மனை உரிமை, விளைநிலம், பள்ளிக்கூடம் ஆகியவை இம்மக்களுக்கு வேண்டும் என்று அவ்வறிக்கை பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் குடியிருப்போர்க்கே மனையை உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்த ஆண்டு 1971. இடையே 80 ஆண்டுகள் கழிந்தன.

இத்தகைய குடிசையில் பிறந்த பிள்ளை எங்கே அமர்ந்து படிப்பான்? எந்த விளக்கில் படிப்பான்? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாக அளித்தவர் சுவாமி சகஜானந்தர்.

1890 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27 ஆம் நாள், ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் அண்ணாமலை, அலமேலு என்னும் பெற்றோர்க்குப் பிறந்தார். இயற்பெயர் முனுசாமி. அவ்வூர் நமக்கு நெடுந்தொலைவன்று; மேற்கே சென்றால் எட்டிவிடலாம். ஊரிலிருந்த கிறித்தவத் தொடக்கப் பள்ளியில் எழுத்தறிந்த முனுசாமி, பின்னர்த் திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் நடத்திய உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, அங்கேயே தங்கிப் படித்தார். உணவும் உடையும் உறைவிடமும் பள்ளியே தந்தது. கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளை வயிற்றுக் கவலையின்றிப் புத்தகம் பிரித்தது அங்கேதான்.

பிள்ளை படிப்பில் முன்னின்றான். சமயம் மாறும்படி அவனை வேண்டினர், அவன் இசையவில்லை. அதன்பின், தங்கிப் படித்த ஆண்டுகளுக்கான செலவைத் திருப்பிச் செலுத்துமாறு கேட்கப்பட்டதாக அவர் வரலாறு கூறுகிறது. செலுத்துவதற்குக் குடும்பத்தில் என்ன இருந்தது? படிப்பு நின்றது. இவ்விடத்தில் நடுநிலை தவறாமல் ஒன்று சொல்ல வேண்டும். நம் மக்களுக்கு வேறெவரும் கதவு திறவாத காலத்தில் மிஷன் விடுதிகளே திறந்தன. அவற்றால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் இவ்வட்டாரத்திலும் பல உண்டு. ஆயினும், பிறர் அளித்த கூரை நிபந்தனை ஒன்றால் எடுபட்டுவிடலாம் என்பதை அச்சிறுவன் அந்த வயதிலேயே அறிந்துகொண்டான். பிற்காலத்தில் அவர் தமக்கென ஒரு பள்ளியும் விடுதியும் வேண்டும் என்று உறுதி கொண்டதற்கு வித்து இங்கே விழுந்தது என்பது எம் கருத்து.

பெற்றோர் பிழைப்புத் தேடி மைசூர் நாட்டுக் கோலார் தங்கவயலுக்குச் சென்றனர். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து அந்நாளில் அச்சுரங்கங்களுக்குச் சென்றோர் ஏராளம். மண்ணுக்குக் கீழே வேலை. மண்ணுக்கு மேலே தகரக் கொட்டகையில் வாழ்க்கை. முனுசாமியும் உடன் சென்றார். ஆனால் அவர் உள்ளம் பொருளை நாடவில்லை, துறவை நாடியது. சாதுக்களின் தொடர்பு வாய்த்தது. அங்கிருந்து புறப்பட்டு, இறுதியில் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்தார். கையையே உண்கலமாகக் கொண்டு வாழும் துறவியைக் கரபாத்திரர் என்பது மரபு. உண்ணும் கலமும் உடைமை என்று விலக்கிய அந்நெறியில் நின்று, தமிழும் வடமொழியும் சமய நூல்களும் பயின்றார். சகஜானந்தர் என்னும் துறவுப் பெயரும் அங்கே கிடைத்தது. வீடிழந்த சிறுவன் இப்பொழுது வீட்டைத் தானே துறந்த இளைஞனாகிவிட்டான்.

குருவின் ஆணைப்படி 1910 ஆம் ஆண்டில் அவர் சிதம்பரம் சென்றார். வயது 20. சிதம்பரத்தைத் தெரிந்தெடுத்ததில் பொருள் இருக்கிறது. ஆதனூர் நந்தனார் தில்லைக்கு வந்து, ஊருக்குள் புக அஞ்சி, எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்து ஏங்கிய வரலாற்றைப் பெரியபுராணம் பாடுகிறது. அவர் தீயில் மூழ்கிய இடம் ஓமக்குளம் என்பது வழக்கு. அந்த ஓமக்குளத்தருகே நந்தனார் பெயரால் மடம் அமைத்தார் சகஜானந்தர். நந்தன் நின்று ஏங்கிய எல்லையில் நந்தன் பிள்ளைகளுக்கு ஓர் இருப்பிடம் எழுந்தது.

1916 ஆம் ஆண்டில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, 25 மாணவர்களுடன் பள்ளியைத் தொடங்கினார். வெறும் பள்ளியோடு அவர் நின்றிருக்கலாம். காலையில் வந்து மாலையில் திரும்பும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி அனுப்பினால் தொண்டு செய்த நிறைவு கிட்டியிருக்கும். ஆனால் மாலையில் அப்பிள்ளை எங்கே திரும்புவான் என்பதை அவர் அறிவார். ஆண்டையின் மாட்டுக் கொட்டகைக்குத் திரும்புவான். அறுவடைக் காலமானால் திரும்பியவன் மறுநாள் வரமாட்டான். ஆகவே பள்ளியை ஒட்டியே விடுதியும் அமைந்தது. உண்ண உணவு, படுக்கப் பாய், படிக்க விளக்கு, உடுக்கத் துணி, நோயுற்றால் மருந்து ஆகியவை எழுத்துக்கு முன்னே வந்து நிற்பவை. இவற்றைக் கல்விச் செலவு என்று ஏற்கக் கணக்கர்கள் இன்றும் தயங்குவர்.

தங்குமிடத்தின் அருமையை அந்த ஆண்டுகளில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி காட்டும். 1917 இல், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று திரும்பிய அம்பேத்கர் பரோடா அரசின் பணியில் சேரச் சென்றார். அரசனே விரும்பி அழைத்த அதிகாரிக்கு நகரில் ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியொன்றில் பார்சிப் பெயரால் தங்கினார். குலம் வெளிப்பட்டதும் தடி ஏந்திய கூட்டத்தார் அவரை வெளியேற்றினர். இந்நாட்டில் படிப்பு மட்டும் கூரை தருவதில்லை. 1870 இல் இலண்டனில் பர்னார்டோ என்பார் தெருவில் உறங்கிய சிறுவர்களுக்கு இல்லம் திறந்தார்; அவர்களுடைய வீட்டைப் பறித்தது வறுமை. இங்கோ, கையில் பணம் இருந்தாலும் சாதி கதவை அடைத்தது. இதனை உணர்ந்தோர் வேறு இடங்களிலும் இருந்தனர். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் 1901 முதல் பல வகுப்பு மாணவர்க்கும் விடுதிகள் அமையத் துணைநின்றார். அம்பேத்கர் 1924 இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் முதற்பணிகளுள் ஒன்று, 1925 இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி நிறுவியது.

நம் மண்ணிலும் சான்று உண்டு. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூரில் படித்த நாளில், உடன் படிக்கும் பிள்ளைகளோடு பழகினால் தம் குலமும் இருப்பிடமும் தெரிந்துவிடுமே என்று அஞ்சி ஒதுங்கியே இருந்ததாகத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். வீடு இருந்தும் அதனை மறைத்து வாழ்ந்த பிள்ளைமை அது. ஓமக்குளத்து விடுதியில் அந்த மறைப்புக்கு இடமில்லை. எல்லாரும் அறிந்த குலம், எல்லாரும் அறிந்த முகவரி.

நாளடைவில் நந்தனார் பள்ளி வளர்ந்து உயர்நிலைப் பள்ளியாயிற்று. ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளியும் விடுதியும் அமைந்தன. சேரிப் பெண்ணை வீட்டை விட்டு அனுப்பிப் படிக்க வைக்கப் பெற்றோர் அஞ்சிய காலம் அது. அந்த அச்சத்தை வெல்வது கட்டடம் எழுப்புவதிலும் கடினமான பணி. துறவி ஒருவரின் பொறுப்பில் விடுகிறோம் என்ற நம்பிக்கையே அவர்களைத் துணியச் செய்திருக்கும். காவியுடைக்கு நம் சமூகத்தில் இப்படியும் ஒரு பயன் விளைந்தது.

செலவுக்குக் கொடையாளரையும் நாடினார், அரசையும் நாடினார். 1919 ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்டோர் நலனுக்காகத் தொழிலாளர் இலாகா அமைந்தது. மனை வழங்குதல், கிணறு தோண்டுதல், பள்ளி நடத்துதல், மாணவர் விடுதிக்கு உதவுதல் ஆகியன அதன் பணிகள். அவ்விலாகாவின் கதவைத் தட்டும் இடத்திற்கு அவரே வந்து சேர்ந்தார். 1926 இல் சட்ட மேலவைக்கு நியமனம் பெற்ற சகஜானந்தர், சிறிது இடைவெளி நீங்கலாக, வாழ்நாள் இறுதிவரை சட்டமன்ற வாழ்வில் இருந்தார். விடுதலைக்குப் பின் சிதம்பரம் தொகுதியின் உறுப்பினராகவும் விளங்கினார். உண்கலமும் வேண்டாம் என்று துறந்தவர், பிள்ளைகளுக்காகத் தாமே ஒரு பிச்சைப் பாத்திரமாகிக் கோட்டையில் நின்றார்.

1927 இல் காந்தியடிகள் சிதம்பரம் வந்தபோது நந்தனார் மடத்தின் பணியைக் கண்டார். நாடறிந்த பெருமை சுவாமிகளுக்கு வந்தது. நந்தனாரைப் போற்றியதையும் சைவ நெறியில் நின்றதையும் ஏற்காதோர் நம்மவருள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். தீயில் மூழ்கித் தூய்மை பெற வேண்டிய இழிவு எம்மிடம் என்ன இருந்தது என்று அவர்கள் கேட்பது நேரிய கேள்வி; அதற்கு மடத்தில் விடை இல்லை. ஆனால் அவர் பிள்ளைகளைத் தீக்குழியை நோக்கி அழைத்துச் செல்லவில்லை. கரும்பலகையை நோக்கி அழைத்துச் சென்றார். சமயத்தில் அவரோடு மாறுபடுவோரும் அவர் விடுதியில் ஒரு குறையும் சொல்வதில்லை.

1959 ஆம் ஆண்டு மே முதல் நாள் சுவாமிகள் மறைந்தார். அன்று உழைப்பாளர் திருநாள் என்பது தற்செயலே. அவர் நிறுவிய பள்ளிகள் இன்று அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளிகளாகச் சிதம்பரத்தில் நடைபெறுகின்றன. மணிமண்டபமும் எழுந்துள்ளது. ஒரு தனி மனிதர் தோளில் சுமந்ததை அரசு ஏற்றுக்கொண்டது நன்று. தொழிலாளர் இலாகாவின் வழிவந்த ஆதிதிராவிடர் நலத்துறை இன்று மாநிலம் எங்கும் மாணவர் விடுதிகளை நடத்துகிறது. 2025 இல் அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்ற பெயரும் சூட்டப்பெற்றது.

பெயர் நல்ல பெயர். ஆயினும் நம் வட்டாரத்து நிலை ஒன்றை இவ்வெள்ளி விழா மலரில் எழுதாமல் விடுதல் தகாது. பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைகளில் வேலை தொடங்குகிறது. முன்பணம் வாங்கிய குடும்பம் குடிசையைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறது. மழை தொடங்கும் வரை திரும்புவதில்லை. கல்குவாரிக்கும் மரம் வெட்டவும் செல்லும் குடும்பங்களின் நிலையும் இதுவே. இருளர் குடும்பங்கள் இதில் மிகுதி. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976 இலேயே வந்திருந்தும் முன்பணத்தின் பிடி இன்னும் முற்றும் தளரவில்லை. பிள்ளையை விடுதியில் சேர்த்தால் ஏப்ரல் வரை கவலையில்லை. ஆண்டுத் தேர்வு முடிந்ததும் விடுதி மூடப்படுகிறது. ஊரில் குடிசை பூட்டிக் கிடக்கிறது. சூளையில் தாய் தந்தையர் இருக்கின்றனர். பிள்ளை சூளைக்குச் செல்கிறான். ஒரு கோடை கல் சுமந்தவன் சூன் திங்களில் பள்ளிக்குத் திரும்புவது நிச்சயமில்லை. தாயும் தந்தையும் அற்ற பிள்ளைக்கோ செல்லச் சூளையும் இல்லை. பதினெட்டு வயது நிறைந்து பள்ளியும் முடித்து வெளியேறும் இளைஞர்க்கு, வேலையோ கல்லூரி இடமோ கிடைக்கும் வரை தங்க ஓரிடம் வேண்டும். அதற்கும் ஏற்பாடு போதவில்லை.

சகஜானந்தர் மடத்திலேயே வாழ்ந்தார். அவர் வீடும் பிள்ளைகளின் வீடும் ஒரே வளாகம். மடத்துக்குக் கோடை விடுமுறை ஏது? வட்டத்துக்கு ஒரு விடுதியேனும், செல்ல வீடற்ற பிள்ளைகளுக்காக மே மாதத்திலும் அடுப்பெரிய வேண்டும். விடுதிக் காப்பாளரும் சமையலரும் இருவர் மாறி மாறிப் பணியாற்றினால் போதும். புதுக் கட்டடம் வேண்டுவதில்லை. எந்தெந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் அவ்வாறு இருக்கின்றனர் என்ற பட்டியலைத் தொகுத்து, அடுத்த தேர்வுக் காலத்துக்கு முன்னே மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கும் பொறுப்பை நம் கழகத்தார் ஏற்பது சாலவும் பொருந்தும்.